கண்ணை மூடி உதைத்த பந்து

தெஷி,
12 செப்டம்பர் 2014

தம்பி ஒடார்ட்டேக்கு, அண்ணன் சோவா சொல்ல, மகள் தெதே எழுதுவது.

நீ கேட்ட அந்த ஆட்டம் நடந்தது, நம் நாட்டில் வண்டிகளெல்லாம் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் ஓடத் தொடங்கிய வருடம். அதே வருடம்தான் உலகக் கோப்பையில் நம் கண்டத்துக்காக ஆடப்போன ஜயீர்காரர்கள் ஒரே ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினார்கள். மறுநாள் கடைத்தெருவில், திருட்டுப்போன வீட்டுக்காரர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். அவனவன் சோற்றை அவனவன் விளைவித்துக்கொள் என்று ஆட்சியிலிருந்த ராணுவக்காரர்கள் ரேடியோவில் சொல்ல, அம்மா கிணற்றடியில் சோளம் போட்டு அது முழங்கால் உயரத்திலேயே ஆட்டுக்குப் போனதும் அந்த வருடம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு என்கிறாள் தெதே. அது பள்ளிக்கூடம் போனவர்கள் கணக்கு.

உன் உடம்பு எப்படி? அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே என் முழங்கால் வழக்கம்போல மழையை எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. தெதேயின் தையல் கடை மின்சாரம் வரும்போது ஓடுகிறது, போகும்போது நிற்கிறது. ஃபோனில் பேசு என்கிறாள். வலது காது போய் மூன்று வருடம் ஆகிறது, இடது காது போகிற வழியில் இருக்கிறது. ஃபோனில் நீ பேசினால் எனக்குப் பானைக்குள் வண்டு. கடிதமே போதும்.

ஆட்டம் ஹோமோவோ திருவிழா வாரத்தில், சனிக்கிழமை. சாலை வலப்பக்கம் மாறி ஆறே நாள். நுங்குவாக்காரர்களின் பஸ் டிரைவருக்குப் பயம். ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒருவனை இறக்கி முன்னால் நடக்கவிட்டு ஓட்டினான். பக்கத்து ஊரிலிருந்து வர ஒரு மணி நேரம் தாமதம். நம் கடல் சிங்கம் அணிக்கு லார்யா கோல்கீப்பர், அனும் கேப்டன், நீ ஒன்பதாம் நம்பர், நான் ஆறாம் நம்பர். அவர்கள் பக்கம் அக்வேய் தகோ. அவன் காலில் பந்து ஒட்டினால் கோல் என்று ஊரே நடுங்கியது. எண்பத்து மூன்று நிமிடம் ஒட்டவிடவில்லை. எண்பத்து நாலாவது நிமிடம் அவன் காலிலிருந்து பந்தை எடுத்தது நான். எடுத்து, விழுந்துகொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நாற்பது கஜம் தள்ளி உன் முன்னால் வைத்தது நான். நீ உள்ளே தள்ளினாய். ஒன்றுக்குப் பூஜ்யம்.

உன்னை ஊரே தூக்கியது. என்னையும் இரண்டு பேர் தூக்கினார்கள், முழங்கால் வீங்கியிருந்ததால்.

வருடம் எதற்குக் கேட்கிறாய்? யாராவது புத்தகம் போடுகிறார்களா? போட்டால் ஆறாம் நம்பர் யார் என்பதையும் சொல்லிவை.

கடவுள் உன் கூரையைக் காக்கட்டும்.
சோவா

*

லண்டன்,
3 அக்டோபர் 2014

பாசமுள்ள அண்ணனுக்கு, தம்பி ஒடார்ட்டே தலை வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதம் கண்டு நூறு வயது குறைந்தது. உங்கள் நினைவு இருக்கும்வரை நமக்குப் புத்தகம் எதற்கு?

புத்தகம் இல்லை அண்ணா. நான் சாகும்போது எந்தப் பெட்டியில் போவது என்று முடிவு செய்துவிட்டேன். மீன் பிடித்தவனை மீன் உருவச் சவப்பெட்டியில் வைத்தும், வெங்காயம் விற்றவளை வெங்காய உருவத்தில் வைத்தும் அனுப்புகிற ஊர் நம்முடையது. நான் மட்டும் இங்கே நாலு பலகைக்குள் போவதா? தச்சர் ஒப்லிட்டேயிடம் சொல்லிவிட்டேன். கால்பந்து பூட்ஸ், ஏழு அடி, தங்க வண்ணம், அடியில் குமிழ்கள், பக்கத்தில் ஒன்பது என்ற எண்ணும் அந்த வருடமும். அதற்குத்தான் கேட்டேன்.

நீங்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எந்த எதிராளி உங்களைத் தாண்டிப் போனான்?

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் முதுகுவலி. டாக்டர்கள் வாராவாரம் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டாமா? என் மகள் லாமிலே அடுத்த வருடம் வசந்தத்தில் உங்களைத் தாத்தா ஆக்கப்போகிறாள். முழங்காலுக்குத் தைலமும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தம்பி
ஒடார்ட்டே

*

தெஷி,
24 அக்டோபர் 2014

தம்பிக்கு நலம் பெருகட்டும். தைலம் வந்தது. காலுறையைத் தெதே எடுத்துக்கொண்டாள்.

போய்ப் பார்த்தேன். வேலை மோசமில்லை. வாசலில் நின்று போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள்.

"ஏன்டா ஒப்லிட்டே, இது எந்தக் காலு?"

"இடது கால், பெரியவரே."

"அவன் வலது காலாலதானடா அடிச்சான்?"

"லண்டன்லேருந்து வந்த போட்டோவுல இடது கால்தான் முன்னால இருந்துச்சு."

"போட்டோவுல நான் இருந்தேனா?"

"இல்லியே."

"அதான்."

அப்புறம் கேட்டேன், சும்மா, பேச்சுக்குத்தான். "எனக்கு என்னடா செய்வே?"

"நீங்க என்ன ஆடுனீங்க?"

"ஆறாம் நம்பர்."

அவன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துத் தலையைச் சொறிந்தான். "கோல்கீப்பர் லார்யா தாத்தாவுக்குக் கையுறை செஞ்சது எங்கப்பாதான். ஆறாம் நம்பர் என்ன செய்வாரு?"

"நிப்பாரு."

"நின்னு?"

"எதிராளி பந்து எந்த வழியா வரப்போகுதோ, அந்த வழியில முன்னாடியே போய் நிப்பாரு. அதனால பந்து வராது. வராத பந்துக்கு எவன் கை தட்டுவான்?"

"அப்ப அதுக்கு என்ன உருவம் பெரியவரே? வேணும்னா ஆறுன்னே ஒரு பெட்டி செஞ்சிரலாம். கொஞ்சம் வளைஞ்சு படுக்கணும். தலைகீழா மட்டும் வெச்சிரக் கூடாது, ஒம்பது ஆயிரும். அது உங்க தம்பி நம்பரு."

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று எழுதச் சொல்கிறாள் தெதே. நான் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு பூட்ஸ் செய்" என்றேன். ஒரே குடும்பத்தில் ஒரே உருவம் இரண்டு தடவை போனால் அது மூன்றாவது ஆளையும் கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். குடும்பத் தலைவர் அஷிட்டே விடமாட்டார் என்றான். அதாவது, முதலில் சொன்னவனுக்கு பூட்ஸ். எப்போதும் போல நீ முன்னால் ஓடிவிட்டாய்.

ஒன்று நினைத்துப் பார் தம்பி. இடதுபுறக் காவல்காரன் ஆசைப்பட்டு முன்னால் ஓடினால் அவன் இடத்தை மூடியது யார்? அனும் களைத்துப்போய் இடுப்பில் கை வைத்து நின்றபோது அவனுக்கும் சேர்த்து ஓடியது யார்? பந்தைப் பிடுங்கி, கொண்டாடாமல், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஐந்தடியில் கொடுத்துவிட்டு மறுபடியும் இடத்துக்குத் திரும்பியது யார்? கோல் அடித்தவனுக்குப் பேர். கோல் விட்டவனுக்கு வசவு. நடுவில் நின்றவனுக்கு வசவுகூடக் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். லாமிலே கனமானதைத் தூக்க வேண்டாம் என்று சொல்.
சோவா

*

லண்டன்,
10 நவம்பர் 2014

பாசமுள்ள அண்ணனுக்கு,

ஆறு ஒன்பது கதையை லாமிலேக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்; எனக்கும் வயிற்றில் வலி வந்துவிட்டது.

இடது காலே இருக்கட்டும். ஒப்லிட்டேயிடம் கிறிஸ்துமஸுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. வண்ணம் காய நாளாகும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன்.

என் கறுப்புக் கோட்டு ஒன்று அனுப்புகிறேன். போன வருடம் வாங்கியது. எனக்கு இப்போது தொளதொளவென்று இருக்கிறது. உங்களுக்குச் சரியாக இருக்கும், தோள் அகலம் உங்களுக்குத்தானே.

வேறு விசேஷமில்லை. பதில் போடுங்கள். உங்கள் கடிதம் வருகிற நாளில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஒடார்ட்டே

*

தெஷி,
30 நவம்பர் 2014

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். கோட்டு வந்தது. இந்த வெயிலில் அதை எங்கே போடுவது? உடம்பு இளைத்து வாலிபன் ஆகிவிட்டேன் என்று எனக்குக் காட்டத்தான் அனுப்பினாய்போல.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கோபப்படாதே. போன ஞாயிறு குடும்பம் கூடியது. வேறு விஷயத்துக்காகத்தான். பேச்சு எப்படியோ உன் பெட்டிக்கு வந்தது.

(சித்தப்பா, வேறு விஷயம் ஒன்றும் இல்லை. கூட்டத்தைக் கூட்டச் சொல்லி மூன்று நாள் அலைந்தது அப்பாதான். அவருக்கு வாசிக்கத் தெரியாதது வசதியாக இருக்கிறது. - தெதே)

பெட்டி என்பது ஒரு மனிதன் செய்த தொழில். அதுதானே நம் வழக்கம்? கேப்டன் அனும் எப்படிப்பட்ட ஆட்டக்காரன், ஆனால் சாராயக்கடை வைத்துப் பிழைத்தான் என்று பீர் பாட்டிலில் அல்லவா அனுப்பினோம்? அதைத்தான் சொன்னேன். தம்பி அக்ராவின் பெரிய கிளப்பில் ஆடியது இரண்டே வருடம். லண்டனில் சிவப்பு பஸ் ஓட்டியது இருபத்தெட்டு வருடம். வழக்கம் என்ன சொல்கிறது என்று பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

அஷிட்டே யோசித்துவிட்டு, "நியாயம்தான். அவனுக்கு பஸ்ஸுதான்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அத்தை ஒட்டோலே இருக்கிறாளே, பல் போனாலும் வாய் போகாதவள். "அப்ப சோவாவுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"அவன் தேமா துறைமுகத்துல கேட்டுல காவலுக்கு நின்னான். முப்பத்தோரு வருஷம்."

"அப்ப கேட்டுதான்."

"தொறந்த கேட்டா, மூடுன கேட்டா?" என்றான் ஒரு கோமாளி.

"சோவாவா? மூடுனதுதான்! எவன உள்ள விட்டான்?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும். பூட்ஸ் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, வழக்கம் சொல்கிறது. லண்டனிலிருந்து எழுத்து வராமல் எதையும் மாற்றமாட்டேன் என்கிறான் ஒப்லிட்டே. பஸ் செய்யச் சொல்லி நீயே எழுதிவிடு. சிவப்பு வண்ணம் இங்கே நன்றாகக் கிடைக்கிறது.

கிறிஸ்துமஸ் நல்லபடி கழியட்டும்.
சோவா

*

தெஷி,
6 ஜனவரி 2015

தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் போனது, புத்தாண்டும் போனது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் நம் வாசலைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். வடக்கிலிருந்து புழுதிக்காற்று தொடங்கிவிட்டது, உதடு வெடிக்கிறது. நீ நலம்தானே?

கோபமா? கோபமென்றால் கோபம் என்று எழுது. சின்ன வயதிலும் இப்படித்தான். அடித்தால் அழமாட்டாய், பேசாமல் இருப்பாய். அடித்தவனுக்குத்தான் தூக்கம் போகும்.

போன வாரம் நுங்குவாவுக்குப் போய் அக்வேய் தகோவைப் பார்த்தேன். அவனுக்கும் எழுபது. கைத்தடி இரண்டு. பழைய எதிராளியைப் பார்த்ததும் சோளமாவுக் கென்கே உருண்டையும் பொரித்த மீனும் வரவழைத்தான். ஒரு சாட்சிக்காகப் போனேன். நம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவன் வந்து அந்த பாஸைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், சோவா வெறும் கேட் இல்லை என்று தெரியும் அல்லவா?

"எந்த பாஸு?" என்றான்.

"என்ன எந்த பாஸு? உன் காலுலேருந்து புடுங்கி, பாக்காமலே தம்பிக்குப் போட்டேனே, அது."

மீன் முள்ளை நிதானமாக எடுத்து ஓரமாக வைத்தான். "நான் கீழ கெடந்தேன் சோவா. மண்ணத்தான் பாத்தேன். மீனைச் சாப்புடு, ஆறுது."

நாற்பது வருடமாகியும் தோற்ற கோபம் போகவில்லை அவனுக்கு.

உடனே பதில் போடு.
சோவா

*

லண்டன்,
20 ஜனவரி 2015

அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்குகிறது. நான் சொல்ல லாமிலே எழுதுகிறாள். இப்போது நம் இருவருக்கும் மகள்கள்தான் கை.

கோபமா? உங்கள்மேலா? பெரியவர்கள் சொன்னது சரிதான் அண்ணா. நூற்று முப்பத்தேழாம் நம்பர் பஸ் எனக்குச் சோறு போட்டது. அதிலேயே போகிறேன். இவ்வளவு காலம் ஓட்டினேன், ஒரு தடவையாவது உட்கார்ந்து போகிறேனே.

பூட்ஸ் வீணாகக் கூடாது. ஒப்லிட்டேக்கு எழுதிவிட்டேன், ஒன்பதை அழித்து ஆறு போடச் சொல்லி. அது உங்களுக்கு. அஷிட்டேக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அண்ணன் துறைமுகத்துக்குக் கேட் இல்லை, கடல் சிங்கத்துக்குக் கேட். அந்தக் கேட்டுக்கு பூட்ஸ்தான் பொருத்தம் என்று. ஒத்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தலை நிமிரக்கூட இல்லையே நீங்கள். பஸ் நிலையத்தில் என்னோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதை மனப்பாடம். "என் அண்ணனுக்கு முதுகிலும் கண்" என்பேன். இந்த நாட்டில் என்னைக் கறுப்பன் என்று எவனாவது முறைத்தால், எனக்குப் பின்னால் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

எப்படித் தெரிந்தது? அதை மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஒடார்ட்டே

*

தெஷி,
4 பிப்ரவரி 2015

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கை நடுக்கத்துக்கு இஞ்சி நல்லது.

இங்கே புழுதி குறைந்துவிட்டது. மத்தி நன்றாகப் படுகிறது. மின்சாரம் ஒருநாள் இருந்தால் ஒருநாள் இல்லை. அத்தை ஒட்டோலே விழுந்து எழுந்தாள், அடி ஒன்றுமில்லை.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு போட்டிருக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன். அது பெரிய கதை.

சோவா

*

லண்டன்,
18 பிப்ரவரி 2015

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு, லாமிலே எழுதுவது.

தெதே அக்காவுக்கு ஃபோனில் சொன்னதைக் கடிதமாகவும் எழுதவேண்டியது முறை. அப்பா ஏழாம் தேதி காலையில் எங்களை விட்டுப் போனார். வயிற்றில் புற்று. போன ஆகஸ்டிலேயே தெரியும். "அண்ணனுக்கு எழுதாதே, அவர் வேகமாக ஓடி வந்து மறிப்பார், இது மறிக்கக்கூடிய எதிராளி இல்லை" என்று சொல்லிவிட்டார்.

கடைசி வாரம் தினமும், தெஷியிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டார். உங்கள் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

எனக்கு மாதம் நெருங்கிவிட்டது. டாக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்கிறார். என் கணவர் அப்பாவோடு வருவார். அவருக்கு நம் பேச்சு ஒரு சொல்லும் தெரியாது. அப்பாவை எதில் வைப்பது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்
லாமிலே

*

தெஷி,
2 மே 2015

மகள் லாமிலேக்கு, பெரியப்பா சொல்ல, தெதே எழுதுவது.

உனக்கும் பிறந்த பிள்ளைக்கும் ஆயுசு நீளட்டும். பால் நன்றாகக் குடிக்கிறானா? இரண்டு மாதமாக எழுதவில்லை. எதை எழுதுவது? மத்தி படுகிறது என்றா? உன் கணவன் நல்லவன், எல்லோருக்கும் கை கொடுத்தான், காரமான குழம்பைச் சாப்பிட்டு அழுதான். ஆனால் பேச்சு புரியாதவனிடம் நீ என்ன கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாய்? அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

அடக்கத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குடும்பத்தைக் கூட்டச் சொன்னேன்.

"பூட்ஸை அவனுக்குக் கொடுங்க" என்றேன்.

அஷிட்டே கண்ணாடியைக் கழற்றினார். "நீதானே பஸ்ஸுன்னு சொன்னே? பஸ்ஸு பாதி முடிஞ்சிருச்சு."

"வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

"அவனே பூட்ஸ உனக்குன்னு எழுதியிருக்கானே?"

"அவன் எழுதுனது ஒரு பாஸுக்காக. அந்த பாஸ நான் போடல."

ஒருவருக்கும் புரியவில்லை. அதனால் முழுவதும் சொன்னேன். அக்வேய் வந்த வேகத்துக்கு நான் குறுக்கே விழுந்தேன். முழங்கால் மடங்கியது. பந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வலியில் கண்ணை மூடிக்கொண்டு, நம் கோல் பக்கம் மட்டும் போகாதே என்று வேண்டி, எட்டி ஒரு உதை விட்டேன். அவ்வளவுதான். எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகவேண்டிய குப்பைப் பந்து. ஒருத்தன் நாற்பது கஜம் ஓடி, சுண்ணாம்புக் கோட்டின்மேல் அதை நிறுத்தி, இரண்டு பேரைத் தாண்டி உள்ளே போட்டான். அது பாஸ் என்று மறுநாள் நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். குப்பையை கோல் ஆக்கியவன் அவன். பஸ் அவனுக்குப் பிழைப்பு. தொழில் அது இல்லை.

அத்தை ஒட்டோலேதான் வாயைத் திறந்தாள். "அட பாவி! நாப்பது வருஷமா எங்க காதைத் தின்னியேடா!"

பூட்ஸ் உன் அப்பாவுக்கு என்று முடிவானது. "எத்தனை தடவைதான்யா திருப்புறது?" என்று முனகிக்கொண்டே ஒப்லிட்டே ஆறை ஒன்பது ஆக்கினான். பாதி பஸ்ஸை யாரோ ஒரு டிரைவர் குடும்பம் கேட்டு வாங்கிக்கொண்டது.

சனிக்கிழமை அடக்கம். ஆறு பேர் பூட்ஸைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டே மண் மைதானத்தைச் சுற்றி எடுத்துப்போனார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊரே நின்றது. கோல் கம்பத்தருகே வந்ததும் சுமப்பவர்கள் ஓடினார்கள், பூட்ஸை முன்னால் ஒரு வீசு வீசினார்கள், கோல் என்று ஒரு சத்தம் போட்டார்கள் பார், என் போன காதில்கூட விழுந்தது. நான் அவன் அனுப்பிய கறுப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது மகளே. செத்தும் அவனுக்குத்தான் சத்தம். பொறாமை போய்விட்டது என்று எழுதட்டுமா என்கிறாள் தெதே. எழுதாதே என்றேன்.

கூட்டம் கலைந்தபின் அக்வேய் தகோ தன் இரண்டு தடிகளோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சபையில் சொன்னது நுங்குவாவரை போயிருக்கிறது.

"ஒருவழியா சொல்லிட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"உன் மூஞ்சிக்கு நேராத்தான்யா கெடந்தேன். ரெண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தே, ஊசி போட்ட கொழந்த மாதிரி."

"மண்ணப் பாத்தேன்னியே?"

"உன் மொகத்துலயும் மண்ணுதான இருந்துச்சு."

"ஏன் இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லல?"

அவன் தடி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் மைதானத்தில் சிந்திக் கிடந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு எங்கப்பன் சாகக் கெடந்தாரு. கோல் போட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். எம்பத்து மூணு நிமிஷம். நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் நீ அங்க நின்னே. நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி நின்னே. அந்த மாதிரி ஒரு ஆட்டத்த நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல, பின்னாடியும் பாக்கல. ஊர்ல எவன் பாத்தான் அத? எல்லாரும் பந்தத்தான் பாத்தாங்க. நான் ஒருத்தன்தான உன்னப் பாத்தேன். அதைச் சொன்னா எவன் நம்புவான்? சரி, ஒரு பொய் பாஸாவது அவன் கையில இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இதை உன் அப்பாவுக்கு எழுதியிருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்டான். தெரியவில்லை தம்பி, நீதான் ஓடினாய் என்று ஒரு வரி. அதை எழுதத் தெதேக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் மத்தி மீனைப் பற்றி எழுதினேன். அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் நின்று அவன் என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறான்.

அன்றைக்கு மைதானத்தில் இருபத்திரண்டு பேர். லார்யா கையுறையில் போனான். அனும் பாட்டிலில் போனான். எங்கள் காவல்காரர்கள் நாலு பேரில் இரண்டு பேரைக் கடல் எடுத்தது, இரண்டு பேரைக் குடி எடுத்தது. நுங்குவா கோல்கீப்பர் போன ஹோமோவோவுக்கு முந்திய வாரம் போனான். மற்றவர்களையும் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துவிட்டேன். இப்போது உன் அப்பா. மைதானத்துக்குள்ளிருந்து நான் ஆடியதைப் பார்த்தவர்களில் இனி உயிரோடு மிச்சம் இருப்பது நுங்குவா அக்வேய் தகோ ஒருவன்தான்.